காமா வெடிப்புக்குப் பின் வரும் எக்ஸ்-கதிர்: கடற்கரை வாசகர்களின் கேள்விகள்

மண்டபம், கல்லூரி மாணவி: ஐயா, விண்வெளியின் தொலைவிலிருந்து திடீரெனப் பாயும் காமா கதிர் வெடிப்பு சில நொடிகளில் முடிந்துவிடும்போது, எக்ஸ்-கதிர் மட்டும் நாள்கணக்கில் வருவது எப்படி?

இரண்டும் ஒரே இடத்தில் பிறப்பவை அல்ல, அம்மா. பெருநிறை விண்மீனின் நடுப்பகுதி சரியும்போதோ, இரு நியூட்ரான் விண்மீன்கள் (இறந்த விண்மீன்களின் மிக அடர்ந்த எச்சங்கள்) மோதி இணையும்போதோ, ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஒரு தாரை பீறிட்டுக் கிளம்புகிறது. காமா கதிர் அந்தத் தாரைக்குள்ளேயே உண்டாகிறது. பிறகு தாரை சுற்றிலும் உள்ள மெல்லிய வாயுவில் மோதும்போது எழும் அதிர்ச்சி அலையில், எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று எக்ஸ்-கதிரை உமிழ்கின்றன. வாயுவை வாரிக்கொண்டே போவதால் அலை தளர்கிறது; எக்ஸ்-கதிரும் மெல்ல மங்குகிறது. இதைத்தான் பின்னொளிர்வு என்கிறோம்.

கீழக்கரை, ஆசிரியர்: இதை முதலில் கண்டறிந்தது எப்போது?

1997 பிப்ரவரி 28 அன்று நிகழ்ந்த வெடிப்பில். இத்தாலியும் நெதர்லாந்தும் இணைந்து அனுப்பிய பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள், எட்டு மணி நேரம் கழித்துத் தன் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியை அத்திசைக்குத் திருப்பியபோது, அதுவரை இல்லாத ஒரு புள்ளி தெரிந்தது. மூன்று நாளில் அது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக மங்கிவிட்டது. 1967 முதல் முப்பது ஆண்டுகளாக இவ்வெடிப்புகள் நம் பால்வீதியிலா, அதற்கும் அப்பாலா என்று முடிவாகாமலே இருந்த வழக்கு, அதே ஆண்டு மே மாத வெடிப்பின் பின்னொளிர்வைக் கொண்டு தொலைவை அளந்ததும் தீர்ந்தது. காமா கதிரைவிட எக்ஸ்-கதிரை நான் பெரிதாக மதிப்பது இதற்காகத்தான்.

இராமேசுவரம், நாட்டுப்படகு மீனவர்: அரிச்சல்முனை இருட்டில் வெறுங்கண்ணால் பார்க்க முடியுமா?

எக்ஸ்-கதிரை வளிமண்டலமே தடுத்துவிடும். ஆனால் 2008 மார்ச் 19 அன்று ஒரு வெடிப்பின் ஒளி, 750 கோடி ஒளியாண்டுத் தொலைவிலிருந்து, ஒரு நிமிடத்துக்கும் குறைவாக வெறுங்கண்ணுக்கு எட்டும் அளவு பிரகாசித்தது. நமக்கு அப்போது முற்பகல் 11.42.

தேவிபட்டினம், இல்லத்தரசி: 2022 வெடிப்பைச் சுற்றி வட்டங்கள் தெரிந்தனவாமே?

ஆம். "அகல் வட்டம் பகல் மழை" என்று நாம் சொல்லும் நிலா வட்டம் பனிப்படிகங்களால் வருவது. அக்டோபர் 9 வெடிப்பின் வட்டங்கள் நம் பால்வீதியின் தூசியில் எக்ஸ்-கதிர் சிதறியதால் வந்தவை. சிதறிய கதிர் சுற்றுவழியில் தாமதமாக வந்து சேர்வதால், அவ்வட்டங்கள் நாளுக்கு நாள் விரிந்தன.

தொண்டி, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்: நானே ஏதாவது செய்து பார்க்க முடியுமா?

தாராளமாக, தம்பி. 2004 நவம்பரில் ஏவப்பட்ட ஸ்விஃப்ட் செயற்கைக்கோள், வெடிப்பை உணர்ந்த ஓரிரு நிமிடத்தில் தானே திரும்பி எக்ஸ்-கதிரை அளக்கிறது. அந்த அளவீடுகளை லெஸ்டர் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஒரு வெடிப்பை எடுத்து, நேரம், ஒளிர்வு இரண்டையும் மடக்கை (log) அளவில் வரையுங்கள். பல வெடிப்புகளில் முதலில் செங்குத்தான சரிவு தெரியும்: நேரம் இரட்டிக்கும்போது ஒளிர்வு எட்டில் ஒன்றாகவோ அதற்கும் கீழாகவோ விழும். அடுத்து ஒரு மேட்டுச் சமவெளி. அங்கே நேரம் இரட்டித்தாலும் பத்தில் ஏழு பங்கு ஒளிர்வு மிஞ்சும். மையத்தில் மிஞ்சிய பொருள் இன்னும் ஆற்றலை ஊட்டுவதன் அடையாளம் அது என்றே நான் கருதுகிறேன். அதன்பின் இயல்பான இறக்கம்; நேரம் இரட்டித்தால் பாதிக்கும் சற்றுக் குறைவு. இடையில் திடீரெனத் துள்ளும் கூர்முகடுகளை அளவுப்பிழை என்று அழித்துவிடாதீர்கள். அவை உண்மையான எக்ஸ்-கதிர்ச் சுடர்கள். சரிவு மாறும் இடங்களைப் பென்சிலால் குறித்து, தாளைப் படம்பிடித்து எனக்கு அனுப்புங்கள்.