பாதி நேரம் எங்க போச்சு?

வணக்கமுங்ணா. நான் கோபிப் பக்கம், ஈசிஈ கடைசி வருசம். 8051ங்கற மைக்ரோகண்ட்ரோலர் சிப்புக்கு சி பிளஸ் பிளஸ்ல ஒரு சிமுலேட்டர் (அந்தச் சிப்பு மாதிரியே கம்ப்யூட்டர்ல நடந்துக்கற மாடல்) எழுதிட்டு இருக்கறனுங்க. ஆர்2ங்கற ரிஜிஸ்டர்ல 250 போட்டு, டிஜேஎன்இசட்ல (ஒண்ணு கொறச்சு, 0 ஆகலைன்னா திரும்பப் போற இன்ஸ்ட்ரக்சன்) சுத்தற டிலே, 12 மெகாஹெர்ட்ஸ் போர்டுல ஸ்கோப் வெச்சுப் பாத்தா 500 மைக்ரோ செகண்டு சொச்சம் வருது, என் மாடல் 250ங்குது. காலேஜ்லயோ கேட் லெவல்ல (சிப்புக்குள்ள இருக்கற லாஜிக் கேட் ஒவ்வொண்ணையும் எழுதற அளவுக்கு) எறங்கலைன்னா இது பிராஜக்டே இல்லைங்கறாங்க. என்ன பண்றதுங்ணா?

தம்பி, பின்னாடி கேட்டதுக்கு மொதல்ல சொல்லிடறேன். நீங்க சிப்பா செய்யப் போறீங்க? அதுல ஓடற புரோகிராம் சரியான்னு பாக்கறதுக்கு கேட் வரைக்கும் எறங்குனா ஒரு செகண்டு ஓட்டறதுக்குள்ள பொழுது போயிரும். சிப் கைக்கு வர்றதுக்கு முந்தியே சாப்ட்வேர் எழுதறவங்க நெறையப் பேரு இப்படி மேல் மட்ட மாடல்ல ஓட்டிப் பாக்கறாங்க, அதுக்குன்னு இருக்கற சிஸ்டம்சிங்கற சி பிளஸ் பிளஸ் லைப்ரரி 2005லயே ஐட்ரிபிள்ஈ ஸ்டாண்டர்டு ஆயிருச்சு.

இப்ப டிலேக்கு வருவோம். 250ங்கறதப் பாத்தாலே தெரியுது, இன்ஸ்ட்ரக்சனுக்கு ஒண்ணுன்னு கவுண்டரை ஏத்தறீங்க. பழைய 8051ல 12 கிளாக்குக்கு ஒரு மெஷின் சைக்கிள், உங்க கிரிஸ்டலுக்கு அது சரியா 1 மைக்ரோ செகண்டு. டிஜேஎன்இசட்டுக்கு 2 சைக்கிள், பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் 4, ஆர்2ல நம்பர் போடறதுக்கு 1. ஆப்கோடு (இன்ஸ்ட்ரக்சனோட நம்பர்) வாரியா 256 எடத்துக்கு ஒரு டேபிள் போட்டுக்கங்க (ஏ5 மட்டும் காலி), ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்சன் முடிஞ்சதும் அதுல இருக்கறதக் கூட்டுங்க, டைமரையும் அதே அளவுக்குத் தள்ளுங்க, இல்லீன்னா நாளைக்கு சீரியல் போர்ட்டு பாடு ரேட்டுல (டேட்டா அனுப்பற வேகம்) இதே வம்பு வரும். ஓட்டத்துக்கு ஓட்டம் நேரத்த மாத்தற பைப்லைன், கேஷ் ஒண்ணும் இல்லாத சிப்புங்கறதால இந்த டேபிளே போதும். ஒரே கிளாக்குல சைக்கிள முடிக்கற புது வகையும் இருக்குது, அதுக்குக் கணக்கு வேற, உங்க போர்டு 500 காட்டறதால அது பழசுதான்.

என்ற கூத்தையும் சொல்றேன். மாமன் தோட்டத்துக் கெணத்து மோட்டாருக்கு, தண்ணி வத்துனா நிறுத்தற மாதிரி ஒரு பெட்டி செஞ்சேன். மாடல்ல நாள் பூரா ஓட்டியும் ஒரு கொறை இல்லை. தோட்டத்துல த்ரீ பேஸ் கரண்டு வந்ததும் ஸ்டார்ட்டர் டபக்குன்னு ஒருக்கா இழுத்து விட்டுருச்சு. மாமன் என்னையப் பாத்து, "ஏனுங் மாப்ள, நிறுத்தற பெட்டின்னு சொன்னீங்?"ங்கறாரு. ரெண்டு நாள் தலைகீழா நின்னு பாத்தா, நான் மாடல்ல மெமரி, போர்ட்டு எல்லாத்தையும் ஒட்டுக்கா 0ன்னு தொடச்சுட்டுத்தான் ஆரம்பிக்கறேன், நெச சிப்புல ரீசெட் ஆனதும் போர்ட்டு பூராவும் 1ல நிக்கும், என்ற ரிலேயோ 1க்குத்தான் இழுக்கும். கேட் கேட்டா எழுதியிருந்தாலும் ஆரம்ப மதிப்பத் தப்பாப் போட்டா இதேதான் நடந்திருக்கும்.

அதனால டேபிள் போட்டு முடிச்சதும் உங்க ரீசெட் பங்சனைத் தொறந்து பாருங்க. நாலு போர்ட்டும் எஃப்எஃப்ல (எட்டு பிட்டும் 1), ஸ்டாக் பாயிண்டர் 07ல ஆரம்பிக்கோணும். அப்பறம் ஸ்கோப்போட ஒத்துப் போகுதான்னு எழுதுங்க.