மடை திறக்கத் தெரிந்த பெண்ணுக்கு மூன்றாவது நீட் எதற்கு?

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. அப்பா, அம்மா, பெண், கூடவே தாய்மாமன். பெண் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் சயின்ஸ் குரூப் படித்தவள். நீட் இரண்டு முறை எழுதிவிட்டாள். இரண்டு முறையும் அரசு இடத்துக்கு எட்டவில்லை. மாமா கையில் ஒரு ஃபைல். அதில் வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்றின் விளம்பரத் தாள்கள். மொத்தம் 35 லட்சம் ஆகும், இரண்டு ஏக்கரை விற்றால் பாதி வந்துவிடும், மீதிக்கு வங்கிக் கடன் என்று கணக்கெல்லாம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அது வேண்டாமென்றால் இன்னொரு வருடம் கோச்சிங். இந்த இரண்டில் எது நல்லது என்று கேட்கத்தான் வந்தார்கள்.

அம்மாவின் கண் கலங்கியிருந்தது. கொஞ்ச நேரம் ஆறுதல் சொன்னேன். அப்புறம் பெண்ணிடம், "நீ தினமும் படிக்கிற நோட்டைக் காட்டும்மா" என்றேன்.

நோட்டின் முன்பக்கங்களில் இயற்பியல் கணக்குகள். பாதியில் நின்றவை, சிவப்பு மையில் அடிக்கப்பட்டவை. திருப்பிப் பின்பக்கம் பார்த்தால் வேறு யாரோ எழுதிய நோட்டு மாதிரி இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு மூலக்கூறு மரபியல் பாடத்தில் வரும் லாக் ஓபரான் என்ற ஜீன் தொகுப்பை மூன்று பக்கத்துக்கு வண்ணப் பென்சிலால் வரைந்திருக்கிறாள். ஈ. கோலை பாக்டீரியாவில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இல்லாதபோது ஒரு அடக்கிப் புரதம் டி.என்.ஏ. மேல் உட்கார்ந்து அந்த ஜீன்களைப் படியெடுக்கும் வழியை மறிப்பது ஒரு படம். லாக்டோஸ் வந்து அந்தப் புரதத்தைப் பிடித்து விலக்குவது அடுத்த படம். 1961-இல் ஜேக்கப், மோனோ என்ற இரு பிரெஞ்சு விஞ்ஞானிகள் விளக்கியது இது. தேர்வுக்கு இதில் ஒரு கேள்வி வந்தால் பெரிது. மூன்று பக்கம் எதற்கு வரைந்தாய் என்று கேட்டேன்.

"சார், வேர்ல இருக்கற செல்லுலயும் இலையில இருக்கற செல்லுலயும் ஒரே டி.என்.ஏ.தான் இருக்கு. அப்ப வேர் ஏன் வேராவே இருக்கு? எந்த ஜீன் எப்ப திறக்கணும், எப்ப மூடணும்ங்கறதுலதான் எல்லாம் இருக்கு. எங்கப்பா மடை திறந்து விடற மாதிரி சார். ஆத்துல தண்ணி ஓடிக்கிட்டேதான் இருக்கும். எந்த வயலுக்கு எப்பன்னு ஒரு ஆள் பார்க்கணும்ல?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். தன் வேலையைப் பெண் இப்படிக் கவனித்திருப்பாள் என்று அவர் நினைக்கவில்லை.

எம்.எஸ்ஸி. படித்துவிட்டு என்னிடம் வரும் பிள்ளைகளில் பலருக்கு இது இவ்வளவு தெளிவாகத் தெரியாது. ஜீன் என்றால் டி.என்.ஏ.வின் ஒரு துண்டு. ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளில் எழுதப்பட்டது. அதைத் தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுத்து, ரைபோசோம் மூன்று மூன்று எழுத்தாக வாசித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலத்தைக் கோத்துப் புரதம் செய்கிறது. மூன்றெழுத்துச் சேர்க்கைகள் மொத்தம் 64. அமினோ அமிலங்கள் 20. எந்தச் சேர்க்கைக்கு எந்த அமினோ அமிலம் என்று கண்டறிந்ததில் பங்கு பெற்றதற்குத்தான் நம் ஹர் கோவிந்த் குரானாவுக்கு 1968-இல் நோபல் பரிசு கிடைத்தது. இதையெல்லாம் மனப்பாடம் செய்ய முடியும். ஆனால் "யார் மடையைத் திறப்பது" என்ற கேள்வி மனப்பாடத்தில் வராது. அது இவளுக்குத் தானாக வந்திருக்கிறது.

அதற்குப் பிறகு நான் ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டேன். அந்த அப்பாவிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்ற பெற்றோருக்கும் இது பொருந்தும்.

அண்ணே, நிலத்தை விற்காதீர்கள். வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து வருகிறவர்கள் இங்கே ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும். 2024 ஜூனில் அதை எழுதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் தேறினார். உங்கள் பெண்ணுக்கு இயற்பியல் வரவில்லை, மருத்துவமனை என்றால் மனம் ஒட்டவும் இல்லை. டாக்டராகி என்ன செய்வாய் என்று கேட்டேன். அவளிடம் பதில் இல்லை. இரண்டு ஏக்கரையும் ஆறு வருடத்தையும் பதில் இல்லாத ஒரு கேள்வியின் மேல் வைக்கக் கூடாது. மூன்றாவது நீட்டும் அப்படித்தான். மறுபடி எழுதுவதில் தவறே இல்லை, ஆசை அவளுடையதாக இருந்தால். இங்கே ஆசை மாமாவுடையது.

மாமாவுக்குக் கோபம் வந்தது. "பின்ன என்ன சார், பி.எஸ்ஸி. படிச்சிட்டு டீச்சராப் போகச் சொல்றீங்களா?" என்றார். உறவுக்காரர்கள் கேட்பார்கள், அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய சங்கடம் அவருக்கும் இருக்கிறது. நான் அவருக்குப் பதில் சொல்லாமல் அப்பாவிடம் திரும்பி, "சம்பாவுக்கு என்ன நெல் போடறீங்க?" என்று கேட்டேன்.

"சி.ஆர். தான் சார். சி.ஆர். ஆயிரத்தொன்பது."

"சப் ஒன்றா, பழசா?"

"ரெண்டு வருஷமா சப் ஒன். டெப்போல குடுத்தாங்க. கார்த்திகை மழையில ஒரு வாரத்துக்கு மேல முங்கிக் கெடந்துச்சு சார். தண்ணி வடிஞ்சப்புறம் பார்த்தா தூர்ல பச்சை இருக்கு. பக்கத்து வயல்ல பழைய நெல்லு, அழுகிப்போச்சு."

அந்தப் பச்சைக்குக் காரணம் பழைய சி.ஆர். நெல்லில் புதிதாகச் சேர்த்த ஒரே ஒரு ஜீன். இதைத்தான் அந்த வீட்டில் யாரும் இணைத்துப் பார்க்கவில்லை. பெண் நோட்டில் வரைந்ததும் அப்பா வயலில் பார்த்ததும் ஒன்றுதான்.

சாதாரண நெற்பயிர் தண்ணீருக்குள் முங்கினால் தலையை வெளியே நீட்டத் துடிக்கும். சேர்த்து வைத்த சர்க்கரையெல்லாம் போட்டுத் தண்டை நீட்டும். வெள்ளம் இரண்டு மூன்று நாளில் வடிந்தால் பிழைக்கும். வாரக்கணக்கில் நின்றால் கையிருப்பு தீர்ந்து சாயும். ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற பழைய நெல் மட்டும் இரண்டு வாரம் முங்கிக் கிடந்தாலும் திரும்பத் துளிர்த்தது. விளைச்சல் குறைவு என்பதால் அதை விரும்பிப் போடுவார் இல்லை. அந்தத் தாங்கும் குணம் ஒன்பதாவது குரோமோசோமின் ஓரிடத்தில் இருக்கிறது என்று 1990-களில் கண்டார்கள். 2006-இல் அங்கிருக்கும் சப்1ஏ என்ற ஜீனையே பிரித்தெடுத்துக் காட்டினார்கள். பயிர் முங்கும்போது அதற்குள் எத்திலீன் வாயு சேர்கிறது. அந்த எத்திலீன் சப்1ஏ-வைத் திறந்துவிடுகிறது. சப்1ஏ தரும் புரதம் வளர்ச்சிக்குப் பிரேக் போடுகிறது. பயிர் நீளாமல், இருக்கும் சர்க்கரையைச் செலவழிக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. தண்ணீர் வடிந்ததும் மிச்சமிருக்கும் கையிருப்பில் புதுத் துளிர் விடுகிறது.

சரி, அதை சி.ஆர்.-க்குள் எப்படிக் கொண்டுவந்தார்கள்? இது மரபணு மாற்றிய பயிர் இல்லை. பழைய கைவேலையும் புதிய ஆய்வகமும் சேர்ந்து செய்தது. மாலையில் கதிரில் சில பூக்களின் நுனியை வெட்டி, ஒவ்வொன்றிலும் இருக்கும் ஆறு மகரந்தப் பைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, உறை போட்டு மூட வேண்டும். மறுநாள் காலை பத்து மணிவாக்கில் நெல் பூ விரியும். அப்போது அந்த ஜீன் உள்ள மற்ற ரகத்தின் கதிரைக் கொண்டுவந்து மகரந்தத்தை உதிர்க்க வேண்டும். கிடைக்கும் ஒவ்வொரு விதையின் மரபிலும் பாதி சி.ஆர்., பாதி மற்றது. அதை மறுபடி சி.ஆர்.-உடன் சேர்த்தால் சி.ஆர். பங்கு சராசரியாக 75 சதவீதம், இன்னொரு தடவை சேர்த்தால் 87.5, மூன்றாம் தடவை 94-ஐ நெருங்கும். ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கணக்கான நாற்றுகள் முளைக்கும். எந்த நாற்றில் அந்த ஜீன் தங்கியிருக்கிறது என்று எப்படித் தெரியும்? முன்பெல்லாம் வளர்த்து, முக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். இப்போது நாற்றின் இலையில் ஒரு சிறு துண்டைக் கிள்ளி, டி.என்.ஏ. எடுத்து, பி.சி.ஆர். கருவியில் அந்தப் பகுதியை மட்டும் பெருக்கி, ஜெல்லில் ஓடவிட்டால் ஒரு கோடு தெரியும். கோட்டைப் பார்த்து எந்த நாற்றை நடவேண்டும் என்று அந்த வாரமே சொல்லிவிடலாம். சி.ஆர். 1009 விளைய ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். எவ்வளவு காலம் மிச்சமாகிறது பாருங்கள்.

இந்த வேலைக்குப் பெயர் பயிர் இனப்பெருக்கமும் மரபியலும். டாக்டர், இன்ஜினியர் என்று சொல்கிற வாயில் இது வருவதில்லை. வேளாண்மை என்றாலே வேளாண் அலுவலர் வேலையோடு நம் பேச்சு நின்றுவிடுகிறது.

இதற்குள் நுழைய நீட் வேண்டாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை 200-க்குக் கணக்கிட்டுத்தான் இடம் தருகிறார்கள். உங்கள் பெண்ணின் மதிப்பெண்ணுக்கு விண்ணப்பிக்கத் தயங்கவே வேண்டாம். நான்கு வருடம் பி.எஸ்ஸி. வேளாண்மை. அதன் பிறகு மரபியலில் எம்.எஸ்ஸி., விருப்பமிருந்தால் முனைவர் பட்டம். பி.எஸ்ஸி.யோடு நிறுத்தினால் ஆய்வகத்துக்குள் போக முடியாது. இதை மறைத்து ஆசை காட்ட எனக்கு மனமில்லை. முழுதாக முடிக்க ஒன்பது, பத்து வருடம் ஆகும். மருத்துவத்தில் எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி. வாங்கவும் கிட்டத்தட்ட அவ்வளவு ஆகிறது. வித்தியாசம் செலவில். அவள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள் என்பதால் தமிழக அரசின் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்க வழியிருக்கிறது. மத்திய அரசின் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முனைவர் படிப்பின்போது மாதம் 37,000 ரூபாய். அந்த வயதில் அவள் உங்களுக்குப் பணம் அனுப்புவாள். நீங்கள் அவளுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்க மாட்டீர்கள். பிறகு மத்திய அரசின் வேளாண் ஆராய்ச்சிப் பணி, பல்கலைக்கழக வேலை, விதை நிறுவனங்களின் ஆய்வகங்கள் என்று பல வாசல்கள். வழியில் மனம் மாறினாலும் வங்கிகளின் வேளாண் அலுவலர் தேர்வு இருக்கிறது.

ஒன்றில் மட்டும் நான் கறார். தனியார் வேளாண் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். வேறு எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் ஐ.சி.ஏ.ஆர். என்ற இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாவிட்டால் மேற்படிப்புக்குத் தேசிய அளவில் கதவு அடைபடும். வேளாண்மையில் இடம் கிடைக்காவிட்டால் பக்கத்து அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. தாவரவியல் சேர்த்துவிடுங்கள். மூன்று வருடம் கழித்து ஐ.ஐ.டி.கள் நடத்தும் எம்.எஸ்ஸி. நுழைவுத் தேர்வான ஜாமோ, உயிரித் தொழில்நுட்பத்துக்கான கேட்-பி தேர்வோ எழுதி இதே பாதைக்குள் வரலாம். அதற்கும் நிலம் விற்க வேண்டியதில்லை.

அம்மா அதுவரை பேசவில்லை. பிறகு மெதுவாக, "பொம்பளப் புள்ள, வெயில்ல வயல்ல நிக்கணுமே சார்" என்றார். நியாயமான கவலை. நான் தாவரவியல் விஞ்ஞானி ஜானகி அம்மாளைப் பற்றிச் சொன்னேன். 1897-இல் தலச்சேரியில் பிறந்தவர். சென்னையில் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். அப்புறம் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணிக்கொண்டு, வேறு புல் வகைகளோடு கரும்பைக் கலந்து பார்த்துக்கொண்டிருந்தார். 1977-இல் பத்மஸ்ரீ. பெண்கள் பள்ளிக்கூடம் போவதே அபூர்வமாக இருந்த காலத்தவர் அவர். உங்கள் பெண் நாற்று நட்டு வளர்ந்தவள்தானே அம்மா? வயல் அவளுக்குப் புதிதா? அம்மா சிரித்துவிட்டார்.

அன்றைக்கே முடிவெடுக்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு வேலை கொடுத்து அனுப்பினேன். உங்கள் ஊரிலிருந்து ஆடுதுறை ஒன்றும் தொலைவில்லை. அங்கே 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. ஏ.டி.டி. என்று நீங்கள் போடும் நெல்லெல்லாம் அந்த ஊர்ப் பெயரைத்தான் தாங்கி வருகிறது. முன்கூட்டிப் போன் செய்து அனுமதி கேட்டு, ஒரு வேலை நாளில் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போங்கள். கதிருக்கு உறை போட்டு வைத்திருப்பதைப் பார்க்கட்டும். அங்கே இருப்பவர்களிடம் அவள் கேட்கும் கேள்விகளைப் பக்கத்தில் நின்று கேளுங்கள். மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த ஃபைல் அதுவரை வீட்டிலேயே இருக்கட்டும்.