ஓவன் டனல்: இரண்டே டெஸ்ட் ஆடிய முதல் கேப்டன்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் முதல் டெஸ்ட் கேப்டன் யார் சார்?

ஓவன் டனல். 1856-ல் போர்ட் எலிசபெத்தில் பிறந்தவர். படித்தது ஈட்டன், ஆக்ஸ்போர்டு. 1889 மார்ச் 12-ல் சொந்த ஊரின் செயின்ட் ஜார்ஜஸ் பார்க்கில் இங்கிலாந்துக்கு எதிராக அணியை நடத்தினார்.

கேள்வி: எப்படி ஆடினார்? ஒப்புக்குச் சப்பாணியா?

அப்படிச் சொல்ல முடியாது. முதல் இன்னிங்ஸில் அணி 84-க்குச் சுருண்டது. டாங்கிரெட் 29, டனல் ஆட்டமிழக்காமல் 26. மீதி ஒன்பது பேரும் உதிரி ரன்களும் சேர்ந்தே 29தான்! இரண்டாவது இன்னிங்ஸில் 11 எடுத்தார். இங்கிலாந்து இரண்டே நாளில் 8 விக்கெட்டில் வென்றது.

கேள்வி: அப்புறம் கேப்டன் பதவி என்ன ஆனது?

அடுத்த டெஸ்ட் கேப் டவுனில். அங்கே தலைமை வில்லியம் மில்டனிடம் போனது. டனல் வெறும் ஆட்டக்காரராக இறங்கி 0, 5 எடுத்தார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அணியே 47, 43 என்று விழுந்தது. இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் ஜானி பிரிக்ஸ் 28 ரன் கொடுத்து 15 விக்கெட். அதில் 14 பேர் போல்டு, ஒருவர் எல்.பி.டபிள்யூ. பீல்டர்களுக்கு வேலையே வைக்கவில்லை மனிதர்.

கேள்வி: டெஸ்ட் ஆடுகிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாதாமே?

உண்மைதான். இங்கிலாந்திலிருந்து வந்தது மேஜர் வார்ட்டன் என்பவர் திரட்டிய பயண அணி. ஏபல், பிரிக்ஸ் போன்ற தேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்களோடு சுமாரான அமெச்சூர்களும் அதில் உண்டு. அந்த ஆட்டங்களுக்கு டெஸ்ட் அந்தஸ்து பின்னால்தான் கிடைத்தது. போர்ட் எலிசபெத்தில் இங்கிலாந்து கேப்டனாக இருந்த ஆப்ரி ஸ்மித்துக்கும் அது ஒரே டெஸ்ட்; பிற்பாடு ஹாலிவுட் நடிகராகிவிட்டார்.

கேள்வி: அப்போது வெள்ளையர் அல்லாதவர்கள் கிரிக்கெட் ஆடவில்லையா?

ஆடினார்கள், நன்றாகவே. குரோம் ஹென்ட்ரிக்ஸ் என்ற வேகப்பந்து வீச்சாளர் 1894 இங்கிலாந்துப் பயணத்துக்குத் தகுதியானவர். நிறத்தைக் காட்டி ஒதுக்கிவிட்டார்கள். டனலுக்குக் கிடைத்த இரண்டு டெஸ்ட்கூட அவருக்குக் கிடைக்கவில்லை.

கேள்வி: டனலின் மொத்தக் கணக்கு?

நான்கு இன்னிங்ஸ், 42 ரன், சராசரி 14. 1892-ல் இங்கிலாந்து மறுபடி வந்தபோது அவர் அணியில் இல்லை. 1929-ல் பிரான்ஸின் லியோன் நகரில் காலமானார்.