வீட்டில் ஒரே ஒரு மூலிகை மரம் வைக்க இடம் இருந்தால் எதை வைக்கலாம்? எப்படிப் பயன்படுத்துவது?

நொச்சியை வையுங்கள். என் முதல் தேர்வு எப்போதும் அதுதான்.

வேம்பும் புங்கனும் அருமையான மரங்கள், ஆனால் அவற்றுக்குத் தாராளமாக இடம் வேண்டும். நொச்சி குறுமரம். வெட்ட வெட்டத் தழையும், வறட்சி தாங்கும். ஆடு மாடு அவ்வளவாக வாய் வைக்காது, அதனால் உயிர்வேலிக்கும் ஏற்றது.

விதை தேடி அலைய வேண்டாம். மழைக்காலத் தொடக்கத்தில், பென்சில் பருமனில் சற்று முற்றிய குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இரண்டு கணுவாவது மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். தலைகீழாக நட்டுவிடக் கூடாது. தளிர் விட்டதுமே பிடுங்கி இடம் மாற்றவும் கூடாது. குச்சியில் சேர்ந்திருக்கும் சத்தைக் கொண்டே முதல் தளிர் வந்துவிடும், வேர் அதற்குப் பிறகுதான் இறங்கும். மண் எதுவானாலும் சரி, நல்ல வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது.

குச்சி வெட்டும்முன் இலையைப் பாருங்கள். ஒரு காம்பில் மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகள் இருக்கும், நடுவில் இருப்பதுதான் நீளம். திருப்பினால் அடிப்பக்கம் சாம்பல் பூத்த வெளுப்பு. கசக்கினால் காரமான வாசம் மூக்கில் ஏறும். பூ நீலம் கலந்த ஊதா. சங்க காலத்தில் கோட்டை மதில் காத்த வீரர்கள் சூடியது இந்தப் பூவைத்தான், அதை நினைத்தாலே எனக்கு இந்த மரத்தின் மேல் தனி மரியாதை வந்துவிடும்.

நான் அதிகம் பயன்படுத்துவது ஆவி பிடிக்கத்தான். தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் இரண்டு கைப்பிடி இலையைப் போட்டு மூடி, அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்த பிறகே போர்வை போர்த்த வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, சூடு பொறுக்கிற தூரத்தில் முகத்தை வைத்து ஐந்து நிமிடம் பிடித்தால் போதும். சளி கட்டிய நாட்களில் அது தரும் ஆறுதல் பெரிது. சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம், வெந்நீர் கொட்டினால் பெரிய காயமாகிவிடும். கஷாயமாகக் குடிப்பதைச் சித்த மருத்துவரிடம் கேட்காமல் செய்யாதீர்கள். கர்ப்பிணிகள் உள்ளுக்கு எடுக்கவே கூடாது.

அப்புறம், கவாத்து செய்யும்போது, அதாவது கிளைகளை வெட்டிவிடும்போது, கிடைக்கும் இலையை வீணாக்காதீர்கள். நிழலில் உலர்த்தித் தானிய மூட்டைகளுக்கு இடையே வைத்தால் வண்டு அண்டுவது குறையும். மாலையில் புகை போட்டால் கொசுத் தொல்லையும் குறையும். புகை போடும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் புகையே வேண்டாம்.