வீட்டு நாய் கதிரைக் காலிலும் திரைச்சீலையிலும் மூத்திரம் பெய்வதை எப்படி நிறுத்துவது?

இது அவசரத்துக்குப் பெய்வது இல்லை, அடையாளம் வைப்பது. கதிரைக் கால், கதவு மூலை, தொங்கும் திரைச்சீலை என்று நிமிர்ந்து நிற்கும் பொருளில் காலைத் தூக்கி நாலைந்து சொட்டு மட்டும் விட்டால் அதுதான். வளவு எல்லையில் நாம் கதியால் நடுகிற மாதிரி, நாய் தன் வாடையை வைத்துவிட்டுப் போகிறது. மட்டக்களப்புப் பக்கம் கட்டாக்காலி நாய்கள் வந்து படலையில் காலைத் தூக்காத வீடு ஏது, அந்த வாடை பட்டாலே உள்ளே இருப்பதும் பதிலுக்குத் தொடங்கிவிடும். வீட்டுக்குப் புதுத் தளபாடம் வந்தாலும் இதே கதைதான்.

கருத்தடை செய்யாத கடுவன்களிடம் இது அதிகம் (பெட்டையும் செய்யும்), ஆகவே பழக்கம் முற்றுவதற்கு முன் மிருக வைத்தியரிடம் கருத்தடை பற்றிப் பேசுங்கள். திடீரென்று ஆரம்பித்திருந்தால் சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம். கழுவுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்: அமோனியா கலந்த திரவம் நாய்க்கு மூத்திரம் மாதிரியே மணக்கும், நொதியம் (என்சைம்) உள்ள திரவம்தான் வாடையை எடுக்கும். பிறகு கொஞ்ச நாளைக்குக் கண்பார்வையிலேயே வைத்திருந்து, காலைத் தூக்கப் பார்க்கும்போதே கூப்பிட்டு வெளியே கொண்டுபோங்கள், அங்கே பெய்தால் தடவிக்கொடுங்கள்.

பழிவாங்குகிறது என்று நினைத்து மூக்கை அதில் தேய்க்காதீர்கள். தண்டனை எதற்கென்று அதற்குப் புரியாது, பயந்த நாய் இன்னும் கூடப் பெய்யும்.