ஃபியூஸ் போனது சரி, ஏன் போனது?

மழை பிடித்ததிலிருந்து துணி உலர்த்தும் டிரையர் பற்றிய கடிதங்களே அதிகம் வருகின்றன. இந்த வாரம் அவற்றுக்கு மட்டும் பதில்.

டிரம் சுற்றுகிறது, சூடு வரவில்லை. மெக்கானிக் "கன்ட்ரோல் போர்டு போய்விட்டது" என்று மாற்றி 7,200 ரூபாய் வாங்கினார். பத்து நாள் ஓடியது. மறுபடியும் சூடு நின்றுவிட்டது. இப்போது, "பழைய மெஷின், புதிதாக வாங்கிவிடுங்கள்" என்கிறார்.
— வாசகி, கோவை

புதிதாக வாங்காதீர்கள் அம்மா. உங்களிடம் வாங்கிய 7,200 ரூபாய்க்கு அவர்தான் கணக்குச் சொல்ல வேண்டும்.

டிரம் சுற்றி, சூடு மட்டும் வராவிட்டால் முதலில் பார்க்க வேண்டியவை தெர்மல் ஃபியூஸ், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், ஹீட்டர் ஆகிய மூன்றும்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வயரைக் கழற்றி, மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர் வைத்தால் தெரிந்துவிடும். நல்ல ஃபியூஸ் பூஜ்யத்தை ஒட்டிய ஓம் காட்டும். 2,000 வாட் ஹீட்டர் 26 ஓம் அளவில் காட்டும். முள் அசையவே இல்லை என்றால் அந்தப் பாகம் போய்விட்டது. போர்டைச் சந்தேகிப்பது இதற்கெல்லாம் பிறகு.

பத்து நாள் ஓடியது என்கிறீர்களே, என் சந்தேகமே அதில்தான். போர்டு என்று பில் போட்டுவிட்டு அவர் ஃபியூஸை மட்டும் மாற்றியிருக்கலாம். அப்படியானால் ஃபியூஸ் மறுபடியும் போனதில் வியப்பில்லை. உள்ளே வெப்பம் எல்லை மீறும்போது தன்னை அறுத்துக்கொண்டு இயந்திரத்தைக் காப்பாற்றுவதற்காக வைக்கப்பட்ட பாகம் அது. வெப்பம் ஏன் மீறியது? பெரும்பாலான வீடுகளில் காரணம் மெஷினுக்குப் பின்னால்தான் இருக்கிறது. வெப்பக் காற்றை வெளியேற்றும் குழாய் சுவரோடு நசுங்கியிருக்கும், அல்லது உள்ளே துணிப்பஞ்சு அடைத்திருக்கும். குழாயைக் கழற்றிப் பாருங்கள், கைப்பிடி கைப்பிடியாகப் பஞ்சு வரும். அதை எடுக்காமல் எத்தனை ஃபியூஸ் போட்டாலும் எரிந்துகொண்டேதான் இருக்கும்.

பல ஆண்டுகளாக ஒன்றைச் சொல்லிவருகிறேன், இன்னொரு முறையும் சொல்கிறேன். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். எந்தப் பாகம், என்ன விலை, ஏன் பழுதானது என்ற மூன்றும் பில்லில் இருக்க வேண்டும். காரணத்தை எழுதச் சொன்னால் நேர்மையான மெக்கானிக் தயங்க மாட்டார். "அதெல்லாம் எழுதுவது வழக்கமில்லை" என்று ஒருவர் சொன்னால், வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

முதலில் உங்களிடம் பணம் வாங்கிய மெக்கானிக்குக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்துவிட வேண்டும்.

பஞ்சு வடிகட்டியை மாதம் ஒருமுறை சுத்தம் செய்தால் போதுமா?
— சேலம்

போதாது. துணியை எடுக்கும் ஒவ்வொரு முறையும்.

துவைத்து உலர்த்தும் இரண்டும் சேர்ந்த 8 கிலோ மெஷின் வாங்கினோம். முழுச் சுமை போட்டால் துணி ஈரமாகவே வருகிறது. பழுதா?
— திருச்சி

பழுதில்லை. 8 கிலோ என்பது துவைப்பதற்கு. உலர்த்தும் அளவு அதைவிடக் குறைவு; கையேட்டில் தனியாக இருக்கும். நானும் இப்படி ஒரு மெஷின் வாங்கியவன்தான். விற்பனையாளர் "எட்டு கிலோ" என்று சொன்னதை அப்படியே நம்பினேன். உலர்த்துவது ஐந்து கிலோ என்பதை வீட்டுக்கு வந்து அட்டைப் பெட்டியில்தான் படித்தேன். பணத்தைக் கட்டுவதற்கு முன் படித்திருக்க வேண்டும். இன்றைக்கும் எங்கள் வீட்டில் துவைத்த துணியில் பாதியை வெளியே எடுத்துவிட்டுத்தான் உலர்த்துகிறோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, டிரம் அசையவில்லை. மோட்டார் மாற்ற வேண்டும் என்கிறார்கள்.
— நாகர்கோவில்

பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையே இல்லாமல் லேசாகச் சுற்றினால் பெல்ட் அறுந்திருக்கிறது. மோட்டார் நன்றாகவே இருக்கிறது. பெல்ட் விலையில் முடிய வேண்டிய வேலைக்கு மோட்டார் விலை கொடுக்காதீர்கள்.

வாடகை வீட்டில் உள்ள டிரையர் சுற்றுகிறது, சூடாகவில்லை. வீட்டுக்காரர் எங்களைக் குற்றம் சொல்கிறார்.
— ஸ்கார்பரோ, கனடா

உங்கள் ஊர் டிரையர் 240 வோல்ட்டில் ஓடுவது. மோட்டாருக்கு அதில் பாதி போதும், ஹீட்டருக்கு முழுவதும் வேண்டும். மின் பெட்டியில் அதற்கென உள்ள இரட்டை பிரேக்கரில் ஒரு பக்கம் மட்டும் விழுந்தாலும் இப்படித்தான் ஆகும். பிரேக்கரை முழுவதுமாக அணைத்து, மீண்டும் போடுங்கள். மறுபடியும் விழுந்தால் கை வைக்காதீர்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து வருவது வீட்டுக்காரரின் பொறுப்பு என்று எழுதிக் கொடுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி இரவு ஓடவிட்டுத் தூங்கிவிட்டோம். பிளக் உருகிவிட்டது. கம்பெனி மீது வழக்குப் போடலாமா?
— சென்னை

எதற்கு? 2,000 வாட் மெஷின் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பாக்ஸில் மாட்டியது நீங்கள். 16 ஆம்பியர் சாக்கெட் போட்டு, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மெஷினைத் தொடுங்கள். தூங்கும்போது டிரையரை ஓடவிடவே கூடாது. பிரிட்டனில் 2019-ல் வேர்ல்பூல் நிறுவனம் தன் பழைய டிரையர்களைத் திரும்பப் பெற்றது, பஞ்சு ஹீட்டர் மீது விழுந்து தீப்பிடிக்கும் ஆபத்து இருந்ததால்தான். வீட்டில் குழந்தைகள் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது பதறிவிட்டேன்.

ஃபியூஸ் கிடைக்கவில்லை என்று மெக்கானிக் அதை எடுத்துவிட்டு வயரை நேராக இணைத்துக் கொடுத்தார். ஒரு மாதமாக நன்றாக ஓடுகிறது. அப்படியே விடலாமா?
— ஊட்டி

இதைப் படித்ததும் பிளக்கைப் பிடுங்குங்கள். புது ஃபியூஸ் வரும்வரை துணியை மின்விசிறியின் கீழ் காயப் போடுங்கள்.