"நான் இந்த வீட்டுக் குடி" என்கிறார் மச்சான்

யாழ்ப்பாணம் கொக்குவிலிலுள்ள தகப்பனாரின் வீட்டை 2011இல் வாடகை எதுவுமில்லாமல் மச்சானிடம் "குடியிருந்து பாரும்" என்று விட்டிருக்கிறீர்கள். இப்போது எழும்பச் சொன்னால், "நான் இந்த வீட்டுக் குடி, பத்து வருஷ ஆட்சி" என்கிறாராம், அதாவது நெடுநாள் இருந்ததால் வீடு தனக்கே சொந்தமாம். குடி என்ற சொல் அவருக்கு உரிமை தருமா என்று கனடாவிலிருந்து கேட்கிறீர்கள்.

தராது. வீடு, குடும்பம், குலம், வாடகைக்கு இருப்பவர் எல்லாமே குடிதான். குடிசை, குடிபூரல், குடிக்கூலி எல்லாம் அந்தச் சொல்லின் பிள்ளைகள். சொந்தக்காரனும் குடி, கூலி கொடுப்பவனும் குடி என்றால் அதைவைத்து ஒரு பரப்புக் காணிகூட எழுத முடியாது.

மச்சான் அந்தியேட்டிச் சடங்குக்கு வராததையும் மாமரம் தறித்ததையும் எழுதியிருக்கிறீர்கள், அவற்றை விடுங்கள். இலங்கையின் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி ஆட்சி கோருபவர், இன்னொருவரின் உரிமையை ஏற்றுக்கொள்ளாமல் பத்து வருஷம் இருந்திருக்க வேண்டும். "2019இல் கூரை ஒழுகுது, காசு அனுப்புங்கோ என்று வைபரில் கேட்டார், அனுப்பினேன்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, காசு கேட்டதே வீடு உங்களுடையது என்று ஏற்றதுதான்; உங்கள் வழக்கே அதுதான். போனை மாற்றுமுன் அந்தச் செய்தியையும் வங்கித் துண்டையும் பத்திரப்படுத்துங்கள்.

இனி நான் பயப்படுகிற விஷயம். உங்களைப் போல வெளிநாட்டிலிருப்பவர்கள் நல்லூர்த் திருவிழாவுக்கு மூன்று கிழமை லீவில் வருவார்கள், பூட்டை உடைத்துப் புதுப்பூட்டுப் போடுவார்கள். வீட்டில் இருந்தவர் நேரே பொலிசுக்குப் போவார். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் விஷயம் நீதிமன்றத்துக்கு வந்தால், அங்கே உறுதி (காணிப் பத்திரம்) யாருடையது என்பது முடிவாவதில்லை. அப்போது யார் இருந்தார், முந்திய இரண்டு மாதத்துக்குள் யாரைப் பலவந்தமாக வெளியேற்றினார்கள் என்பதுதான் கேள்வி. அவரைத் திரும்ப உள்ளே இருத்துவார்கள்; நீங்கள் அப்போது திரும்பிப் போகக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நிற்பீர்கள்.

இன்னொரு குழி, புத்திசாலித்தனமாக முறைப்பாட்டில் "வாடகைக்குடி" என்று எழுதுவது. ஆட்சிக் கதை அதோடு அடிபடும், சரி. ஆனால் 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் அந்த வீட்டுக்குப் பொருந்துமானால், அவரை எழுப்புவது இன்னும் கஷ்டம். "எங்கள் அனுமதியில் தங்கியிருப்பவர்" என்று மட்டும் எழுதுங்கள்.

கையில் சாட்சி இருந்தாலும் மாவட்ட நீதிமன்றத்துக்கு ஓடவேண்டாம். காணி வழக்கு வருஷக்கணக்கில் இழுபடும். ஆறுமாதத் தவணையும் வீடு மாறும் செலவும் கொடுத்து, அனுமதியில்தான் இருந்தேன் என்று கையெழுத்து வாங்குங்கள். காசு கொடுப்பது மானக்கேடு என்பீர்கள். வழக்குச் செலவு அதைவிடக் கூட. அற்றோணித் தத்துவத்தை (உங்களுக்காகச் செயற்படும் அதிகாரப் பத்திரத்தை) இங்கிருக்கிற தங்கை பேரில் எழுதி அனுப்புங்கள். அதுவரை மச்சானோடு போனில் சண்டை பிடிக்க வேண்டாம், அவரும் பதிவு செய்வார்.